அக்குஸ்டிக் கிட்டாரை ஒலிபெருக்கியில் இணைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பகுதித் திருமண வீடுகளில், மாலை வரவேற்பின்போது கிட்டார் வாசிக்கும் இளைஞர்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். விரல்கள் நன்றாகவே பழகியிருக்கின்றன. ஆனால் ஒலிபெருக்கியில் வரும் நாதம் தகரத்தைத் தட்டியது போல் இருக்கிறது. சுருதி சேர்ப்பது, பழுதான கேபிளை மாற்றுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பேட்டரி இல்லாத பீசோ பிக்கப்பை நேரே மிக்சரில் செருகுவது

தந்திகளைத் தாங்கும் சேடிலுக்கு அடியில் இருந்து அவற்றின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பீசோ பிக்கப், மின்னியலின்படி ஒரு சிறு கெப்பாசிட்டர். அது இணையும் இன்புட்டின் மின்மறுப்பு (ஓமில் அளக்கப்படும் இம்பீடன்ஸ்) குறையக் குறைய, கீழ்ச்சுருதி ஒலிகள் தேய்ந்துபோகும். பிக்கப்பின் கொள்திறனை 1 நானோஃபாரட் என வைத்துக் கணக்கிட்டால், 10 கிலோஓம் கொண்ட லைன் இன்புட்டில் ஏறத்தாழ 16,000 ஹெர்ட்ஸிலிருந்தே கீழ்நோக்கி அந்தத் தேய்வு தொடங்கிவிடுகிறது. கிட்டாரின் தடித்த ஈ தந்தியோ 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதே பிக்கப்பை 1 மெகாஓமில் இணைத்தால் அந்த எல்லை 160 ஹெர்ட்ஸுக்கும், 10 மெகாஓமில் 16 ஹெர்ட்ஸுக்கும் இறங்கும்.

கானாடுகாத்தானுக்கு அருகில் ஒரு வீட்டு வளவில் நடந்த வரவேற்பில், இப்படி நேரே செருகி வாசித்த ஓர் இளைஞருக்காக, மைக் செட்காரர் பேஸ் குமிழை முழுவதுமாகத் திருகிவிட்டார். கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்று இயல்பாகவே 100 ஹெர்ட்ஸை ஒட்டி அதிரும் தன்மையது. பேஸைக் கூட்டியதும், ஸ்பீக்கரின் ஒலி கிட்டாருக்குள் திரும்பப் புகுந்து, அந்த இடத்தில்தான் ஊளை கிளம்பியது. பிக்கப் மட்டம் என்று முடிவுகட்டிய அந்த இளைஞர், பின்னர் கிட்டாரில் புதிதாகத் துளையிட்டு, விலை கூடிய வேறொரு பீசோவைப் பொருத்திக்கொண்டார். அதற்கும் பேட்டரி கிடையாது, ஆகவே அதே தகர ஒலிதான் வந்தது. நல்ல மரத்தில் காரணமின்றித் துளை விழுவதைப் பார்க்க எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது 1 மெகாஓமோ அதற்கு மேலோ இன்புட் கொண்ட ஒரு ப்ரீஆம்ப் (பிக்கப்பின் சைகையை மிக்சருக்கு ஏற்றதாக்கும் முன்பெருக்கி), அல்லது கிட்டாருக்கும் மிக்சருக்கும் இடையே வைக்கும் அத்தகைய ஆக்டிவ் டிஐ பாக்ஸ் மட்டுமே. மின்மாற்றி மட்டும் உள்ள பாசிவ் டிஐ பாக்ஸ் பொதுவாக இதற்குப் போதாது. ஆக்டிவ் வகைக்கு மின்சாரம் வேண்டும். மிக்சரில் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் (மைக் கேபிள் வழியே மிக்சர் தரும் மின்சாரம்) உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையெனில் பேட்டரியில் இயங்குவதை வாங்குங்கள்.

ஸ்பீக்கரின் முகத்துக்கு எதிரே உட்கார்வது

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவர்களும் ஒலியை உள்வாங்காமல் திருப்பி அனுப்புபவை. எனவே நம் வீடுகளில் ஸ்பீக்கர் பெட்டிகள் வாசிப்பவருக்கு முன்னால், கூட்டத்தை நோக்கி நிற்கட்டும். அப்படியும் ஊளையிட்டால் கிட்டாரின் வாயை ரப்பர் மூடியால் அடைத்து, மிக்சரில் கீழ்ச்சுருதி ஒலிகளைக் குறைக்கும் லோ கட்டை இயக்கி, ப்ரீஆம்பில் சைகையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான் இருந்தால் மாற்றிப் பாருங்கள்.

எலெக்ட்ரிக் கிட்டார் ஆம்பை இரவல் வாங்குவது

அதன் ஸ்பீக்கர் மேல்சுருதி ஒலிகளைச் சரியாகத் தராது. வேண்டாம்.

நைலான் தந்திக்குக் காந்தப் பிக்கப்

அது உலோகத் தந்தியின் அசைவையே உணரும். ஒலி வராது.

ஜாக்கைச் செருகியே வைத்திருப்பது

ப்ரீஆம்ப் உள்ள பெரும்பாலான கிட்டார்களில் ஜாக்கைச் செருகிய உடனே 9 வோல்ட் பேட்டரி செலவாகத் தொடங்கிவிடும். பந்திக்கு எழுந்து போகுமுன், மைக் செட்காரரிடம் அந்தச் சேனலை மூடச் சொல்லிவிட்டு ஜாக்கைக் கழற்றிவிடுங்கள்.