கொலுசுக்கு விலை பேசும் முன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு எடுத்து வெளியூர்க் கடைகளுக்குப் போடுவது என் பிழைப்பு. தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்களும், கல்யாணத்துக்கு மொத்தமாக எடுக்க வரும் குடும்பங்களும், அந்தக் காலத்தில் நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் இன்றும் இடறுகிறார்கள். 'பிடித்ததைக் கண்டதும் முகம் மலராதே', 'நாலு கடை ஏறி இறங்கு' என்பதையெல்லாம் உங்கள் அத்தையே சொல்லியிருப்பார். அதை விட்டுவிடுகிறேன்.

டச் கேட்காமல் பேரம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

டச் என்றால் நூறு பங்கில் எத்தனை பங்கு வெள்ளி என்ற கணக்கு. 80 டச் கொலுசு 100 கிராம் இருந்தால் அதில் வெள்ளி 80 கிராம். மீதி செம்பு போன்ற வேறு உலோகம். சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், காலில் போட்டால் நெளிந்துவிடும். அதனால் கலப்பது குற்றமில்லை. எவ்வளவு கலந்தது என்று சொல்லாமல் விற்பதுதான் குற்றம். கேட்காமல் வாங்குகிறவரை என்ன சொல்வது?

தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, சின்னதாகக் கடை போடப்போகிறேன் என்று வந்தான். ஒரு கடையில் மத்தியானம் வரை உட்கார்ந்து பேசிவிட்டு எனக்குப் போன் செய்தான்.

"அண்ணா, கிராமுக்கு நாலு ரூபா கொறச்சிட்டேங்க!"

"எத்தனை டச்சுப்பா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நல்ல வெள்ளிதாங்கண்ணா. கடைக்காரரு பெரியவரா இருக்காருங்க."

பெரியவராக இருந்தால் வெள்ளி கூடிவிடுமா? டச் பார்க்கும் இடத்துக்கு அனுப்பினேன். 70 வந்தது. அவன் 80 என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு நாலு ரூபாய்க்கு மல்லுக்கட்டியிருக்கிறான்.

கணக்கைப் பாருங்கள். இன்றைய ரேட் எப்படியோ இருக்கட்டும். வசதிக்காகச் சுத்த வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 கிராம் கொலுசு, 70 டச். கிராம் 92 என்று சொன்னதை 88-க்கு இறக்கிவிட்டீர்கள். 17,600 ரூபாய் கொடுத்தீர்கள். உள்ளே இருப்பது 140 கிராம் வெள்ளி, அதாவது 14,000. வெள்ளிக்கு மேலே 3,600 போயிற்று. பக்கத்துக் கடையில் அதே எடை, 80 டச், கிராம் 95. ஒரு பைசா குறைக்கமாட்டேன் என்கிறார். 19,000. உள்ளே 160 கிராம், 16,000. மேலே 3,000தான். கறாராகப் பேசியவரிடம்தான் 600 ரூபாய் லாபம். அந்தத் தம்பியோ, அப்படி ஒருவரிடம் கோபித்துக்கொண்டு எழுந்துவந்தவன்.

வெள்ளி ரேட், டச், செய்கூலி மூன்றையும் ஒன்றாகக் குழைத்து கிராமுக்கு ஒரே விலையாகச் சொல்வது கடைக்காரருக்கு வசதி. நீங்கள் மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். டச்சை பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் எழுந்துவிடலாம். திரும்பக் கொடுத்தால் எந்தக் கணக்கில் எடுப்பார் என்பதையும் அப்போதே கேளுங்கள். பழைய கொலுசை மாற்ற வரும்போதுதான் பலருக்கு டச் என்ற வார்த்தையே காதில் விழுகிறது.

ஹால்மார்க் இருந்தால் பாதித் தலைவலி இல்லை. ஆனால் தங்கத்தைப் போல வெள்ளிக்கு அது கட்டாயமில்லை. ஹால்மார்க் தரங்களில் கீழ்ப்படியே 800, அதாவது 80 டச். 70 டச் சரக்குக்கு அது கிடைக்காது. வெறும் '925' என்று குத்தியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் கூட இருக்கவேண்டும்.

கூலியில் மட்டும் கை வைப்பது

கம்பி இழுப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, பாலீஷ் ஒரு வீடு. பனங்காடு, சிவதாபுரம் பக்கம் போனால் தெரியும். அந்தக் கூலியை நெருக்கினால் விற்பவர் 'சரி' என்பார், அடுத்த சரக்கில் டச்சைக் குறைத்துச் சரிக்கட்டுவார்.

கல்லுக்கு வெள்ளி விலை

கல், எனாமல் எடையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.

போணி நேரம்

கடை திறந்ததும் போனால் போணிக்காக விலை இறங்கும், உண்மைதான். ஆனால் கேட்ட விலைக்கு அவர் ஒத்துக்கொண்ட பிறகு "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று நழுவாதீர்கள். சும்மா வேடிக்கை பார்ப்பதானால் பத்து மணிக்கு மேல் போங்கள்.

உழவர் சந்தையில்

பலகையில் விலை எழுதியிருக்கிறது. பேசாதீர்கள்.

ஏற்காட்டில் காபித்தூள்

இங்கேயும் அதே கதைதான். கிலோவுக்கு ஐம்பது குறைத்தேன் என்று மலையிறங்கி வருகிறார்கள். சிக்கரி எவ்வளவு என்று கேட்டால் முழிக்கிறார்கள். காபி ஏற்காட்டில் விளைகிறது, சிக்கரி குஜராத் பக்கமிருந்து வருகிறது, விலையும் குறைவு. கலவைத் தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை சட்டப்படியே இருக்கலாம், பாக்கெட்டில் அளவை அச்சிட்டிருக்க வேண்டும். பாக்கெட் இல்லாமல் அள்ளிக் கொடுக்கும் கடையில் கொட்டையைக் காட்டச் சொல்லி, கண்ணெதிரே அரைத்து வாங்குங்கள். விலை பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.