பழைய வீடியோ கேசட்டிலிருந்து சீரியல் நிறுவனங்களின் முடிவு லோகோவை மீட்பது எப்படி?

சீரியல் முடிந்து, பெயர்ப்பட்டியலும் ஓடிய பிறகு, நான்கைந்து விநாடி தோன்றி மறையும் தயாரிப்பு நிறுவனத்தின் லோகோவை அந்நாளில் யாரும் விரும்பிப் பதிவு செய்யவில்லை. 'தொடரும்' என்று வந்ததுமே வி.சி.ஆரை நிறுத்திவிடுவதுதான் வீட்டு வழக்கம். மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்களின் பரண்களில் கிடக்கும் கேசட்டுகளில் அவை தப்பியிருப்பது, யாரோ நிறுத்த மறந்த இடங்களில்தான். ஆகவே உறையில் 'கல்யாண வீடியோ' என்றே எழுதியிருந்தாலும் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். பதிவின்மேல் பதிவு ஏறிய கேசட்டில், புதியது முடியும் இடத்துக்கு அப்பால் பழையதன் வால் மிஞ்சியிருக்கும்.

முதல் வேலையாகக் கேசட்டின் முதுகிலுள்ள சிறு பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். அதன்பின் கை தவறினாலும் பதிவாகாது. அடுத்து, கேசட்டின் கண்ணாடி வழியாக டேப் சுருளை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். மும்பையின் மழைக்கால ஈரம் பூஞ்சையை வளர்த்துவிடும். சுருளின் ஓரத்தில் விபூதி தூவியதுபோல் வெண்பொடி தெரிந்தால் அதை வி.சி.ஆரில் போடவே கூடாது. என் அத்தை வீட்டுக் கேசட் ஒன்றை இப்படிப் பாராமல் போட்டேன். திரை வெண்கோடுகளாயிற்று, வி.சி.ஆரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்க ஒரு மாலை முழுவதும் போயிற்று. நல்ல கேசட்டையும் ஒருமுறை முழுவதுமாக முன்னோட்டிப் பின்னோட்டிய பிறகே ஓட்டுங்கள்.

கணினியில் பிடிக்கும் கேப்சர் கருவி மும்பையின் லேமிங்டன் ரோட்டுக் கடைகளில் கிடைக்கும். அமைப்பை இந்தியத் தொலைக்காட்சியின் 'பால்' (PAL) முறையில், 720×576 அளவில், விநாடிக்கு 25 ஃபிரேம் என வையுங்கள். ஒவ்வொரு ஃபிரேமும், அதாவது ஒவ்வொரு முழுப் படமும், ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் கோடுகளைக் கொண்ட இரண்டு ஃபீல்டுகளால் ஆனது; நான்கு விநாடி லோகோவில் 200 ஃபீல்டுகள் உள்ளன. எழுத்துகள் சுழன்று வந்து மின்னும் அந்த நளினமான அசைவு முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது என்பதால், பிடிக்கும்போதே டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது இரண்டு ஃபீல்டுகளையும் ஒரே படமாக்கி, பாதியை இழந்துவிடாதீர்கள். எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் சேமியுங்கள். ஹெட்டை டேப்பின் தடத்தோடு பொருத்திப் படத்தைத் தெளிவாக்கும் டிராக்கிங்கைப் பெயர்ப்பட்டியல் ஓடும்போதே சரிசெய்துவிட வேண்டும். லோகோ வந்தபின் திருகினால் அதற்குள் அது மறைந்துவிடும். திரையின் அடியில் நெளியும் கோடுகள் கண்ணை உறுத்தினாலும் வெட்டாதீர்கள், பதிப்புரிமை வரியும் ஆண்டும் பல லோகோக்களில் அந்த ஓரத்தை ஒட்டியே இருக்கும்.

லோகோவை மட்டும் நறுக்கி எடுப்பது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. 1999இல் சன் டி.வி.யில் தொடங்கிய 'சித்தி' தொடரின் முடிவில் வரும், அதைத் தயாரித்த ராடான் நிறுவனத்தின் லோகோவைத் தனியே எடுத்தால், அது எந்தத் தொடருக்குரியது என்பதே தெரியாமல் போகும். முன்னே பெயர்ப்பட்டியலின் கடைசி வரிகளையும், பின்னே வரும் விளம்பரத்தையோ செய்தியையோ சேர்த்தே வையுங்கள். ஒளிபரப்பான காலத்தைக் கணிக்க அவையே உதவும்.

பிடித்து முடித்த கேசட்டை எறிந்துவிடாமல், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள்.