டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் துணைப்பொருள்கள்: மலிவாக வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிவியோ சவுண்ட்பாரோ வாங்குவதற்கு முன் கடை கடையாக ஏறி இறங்கி விலை விசாரிக்கிறவர்கள்கூட, அதற்கு வேண்டிய கேபிள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், வால் மவுண்ட் போன்ற துணைப்பொருள்களைக் கடைசி நேரத்தில், கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இதில் பணம் இரண்டு வழிகளில் வீணாகிறது. மலிவானதே போதும் என்ற இடத்தில் அதிகம் கொடுக்கிறோம். செலவழித்தே ஆக வேண்டிய இடத்தில் மிச்சம் பிடிக்கிறோம். டிஜிட்டல் சிக்னலைக் கடத்தும் பொருள் தனக்குரிய தரக்குறியீட்டைப் பெற்றிருந்தால் போதும், அதற்குமேல் கொடுக்கும் பணத்துக்குப் பயன் இல்லை. மின்சாரத்தைக் கடத்தும் பொருளிலும் எடையைத் தாங்கும் பொருளிலும் கை சுருக்கவே கூடாது. நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது: இரண்டாயிரம் ரூபாய்க்குத் தங்க முலாம் பூசிய ஹெச்டிஎம்ஐ கேபிளை வாங்கிய கையோடு, அதே டிவிக்கு மின்சாரம் கொடுக்க நூற்றைம்பது ரூபாய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை மாட்டிவிடுகிறோம்.

மற்ற தவறுகளுக்கெல்லாம் வழிவிடும் முதல் தவறு, டிவியின் பின்புறத்தைப் பார்க்காமல் கடைக்குப் போவது. எந்த ஹெச்டிஎம்ஐ துளைக்கு அருகில் ஏஆர்சி அல்லது இ-ஏஆர்சி (டிவியின் ஒலியை வெளியே அனுப்பும் வசதி) என்று எழுதியிருக்கிறது, ஒலியை ஒளியாக அனுப்பும் சதுர வடிவ ஆப்டிகல் துளை இருக்கிறதா, ஹெட்போன் துளை இருக்கிறதா, மின்சார விவரம் எழுதிய ஸ்டிக்கரில் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்று போட்டிருக்கிறது, வால் மவுண்ட் பொருத்தும் நான்கு துளைகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பவற்றைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தையும் அப்படியே எடுத்துக்கொள்வது நல்லது. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டால், வேண்டிய பொருளை மட்டும் கடைக்காரர் எடுத்து வைப்பார். படம் இல்லாமல் வாய்மொழியாக விளக்கினால், அவர் ஊகத்தில் எதையோ கொடுப்பார், நாமும் ஊகத்தில் வாங்கி வருவோம்.

ஹெச்டிஎம்ஐ கேபிளில் ‘2.0 கேபிள்’, ‘2.1 கேபிள்’ என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பக் கூடாது. அந்த எண்கள் கருவிகளுக்கு உரியவை. கேபிளுக்குரிய தரம் வேகத்தால் அளக்கப்படுகிறது. ‘ஹை ஸ்பீட்’ என்பது நொடிக்கு 10.2 கிகாபிட் வரையும், ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ 18 கிகாபிட் வரையும், ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ 48 கிகாபிட் வரையும் தாங்கும். எச்டி செட்டாப் பாக்ஸுக்கு முதல் வகையே தாராளம். நொடிக்கு 60 பிரேம் கொண்ட 4கே படத்துக்கு இரண்டாவது வகை போதும். மூன்றாவது வகை 4கே படத்தை நொடிக்கு 120 பிரேம் அனுப்பும் விளையாட்டுக் கருவிகளுக்குத்தான் தேவைப்படுகிறது. பிளேஸ்டேஷன் 5 வாங்குகிறவர்களுக்கு அந்தக் கேபிள் பெட்டிக்குள்ளேயே வருகிறது. பின்னிரண்டு வகைகளிலும் முறையாகச் சான்று பெற்ற கேபிளின் அட்டையில், கைபேசியால் ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய முத்திரை ஒட்டப்பட்டிருக்கும். அது இருந்தால் பிராண்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

விலை உயர்ந்த கேபிள் வண்ணத்தை ஆழமாக்கும், கறுப்பை இன்னும் கறுப்பாக்கும் என்ற விற்பனைப் பேச்சு பழைய அனலாக் காலத்தின் மிச்சம். டிஜிட்டல் கேபிள் பழுதானால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும், அல்லது முழுவதும் கறுத்துவிடும். இவை எதுவும் இல்லை என்றால் அந்தக் கேபிள் தன் வேலையைக் குறைவின்றிச் செய்கிறது என்று பொருள். நீளத்தில்தான் கவனம் வேண்டும். இரண்டு மீட்டர் வரை எந்தச் சிக்கலும் வராது. புரொஜெக்டருக்காகப் பத்து, பதினைந்து மீட்டர் இழுக்கும்போது சாதாரணச் செப்புக் கேபிள் 4கே சிக்னலைத் தாங்குவது கடினம். உள்ளே கண்ணாடி இழை கொண்ட ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்க வேண்டியிருக்கும். அதற்குத் திசை உண்டு: எந்த முனை கருவிக்கு, எந்த முனை திரைக்கு என்று அதிலேயே குறித்திருப்பார்கள். சுவருக்குள் பதிப்பதற்கு முன் இரு முனைகளையும் மாட்டிப் படம் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். பிளக் தலை நுழையும் அளவுக்கு அகலமான குழாயையும் போட்டுவிட வேண்டும்.

டிவியின் ஒலியைப் பழைய ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோகும் இடத்தில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ துளைகள் மட்டும் உள்ள நல்ல ஆம்ப்ளிஃபயர் பல வீடுகளில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதைத் தூக்கிப்போட மனம் வராமல், ஒரு முனையில் ஹெச்டிஎம்ஐயும் மறுமுனையில் மூன்று ஆர்சிஏ பின்களும் கொண்ட கேபிளை இணையத்தில் வாங்குகிறார்கள். அது வெறும் கம்பி. ஹெச்டிஎம்ஐ தருவது டிஜிட்டல், ஆர்சிஏ கேட்பது அனலாக். இடையில் மாற்றித் தர ஒரு சிப்பும் அதற்கு மின்சாரமும் வேண்டும். அந்தக் கேபிளில் இரண்டும் கிடையாது. சரி, மின்சாரம் கொடுத்து இயக்கும் ஹெச்டிஎம்ஐ–ஏவி கன்வெர்ட்டர் பெட்டியை வாங்கினால் போதுமே என்றால், அதுவும் டிவியில் வேலை செய்யாது. டிவியில் உள்ள ஹெச்டிஎம்ஐ துளைகள் சிக்னலை உள்ளே வாங்குபவை. ஏஆர்சி என்று எழுதிய ஒரு துளை மட்டுமே ஒலியைத் திருப்பி அனுப்பும். அதைப் பெறுவதற்கும் ஏஆர்சி தெரிந்த கருவி மறுமுனையில் இருக்க வேண்டும்.

டிவியில் ஹெட்போன் துளை இருந்தால், 3.5 மி.மீ. பின்னிலிருந்து இரண்டு ஆர்சிஏவாகப் பிரியும் கேபிள் ஒன்றே போதும். எல்லாவற்றிலும் மலிவான வழி அதுதான். ஹெட்போன் துளை இல்லாத டிவிக்கு, ஆப்டிகல் சிக்னலை அனலாக்காக மாற்றும் சிறு டிஏசி பெட்டி வேண்டும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும் இந்தப் பெட்டியைப் பலர் பழுது என்று திருப்பி அனுப்புவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஆப்டிகல் கேபிளின் இரு நுனிகளிலும் நகக்கண் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கிறது. நிறமற்றதாக இருப்பதால் அது கேபிளின் பகுதி என்றே கண்ணுக்குத் தோன்றும். அதைக் கழற்றாமல் செருகினால் ஒளி போகாது, கேபிளின் முனையும் சரியாக உட்காராது. இரண்டாவது, டிவியின் ஒலி அமைப்பு. யூடியூப் பாட்டு நன்றாகக் கேட்கும். ஓடிடியில் படம் போட்டவுடன் சத்தமே இராது, அல்லது கரகரவென்று இரைச்சல் வரும். படத்தின் ஒலி டால்பி என்ற முறையில் சுருக்கப்பட்டது; அதை டிவி அப்படியே அனுப்புகிறது, மலிவான டிஏசிக்கு அதைப் பிரிக்கத் தெரியாது. டிவி மெனுவில் டிஜிட்டல் ஒலி வெளியீட்டை ‘ஆட்டோ’விலிருந்து, சுருக்காத ஒலியான ‘பிசிஎம்’முக்கு மாற்றினால் சரியாகிவிடும். புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

சவுண்ட்பார் வைத்திருப்பவர்கள் ஆப்டிகலைவிட ஏஆர்சி துளையைப் பயன்படுத்துவதே நல்லது. ஓடிடி தளங்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் டால்பி டிஜிட்டல் பிளஸ், அதன் வழி வரும் அட்மோஸ் என்ற சூழொலி ஆகியவற்றை ஆப்டிகல் கேபிளால் கடத்த முடியாது. ஏஆர்சியில் சத்தம் வரவில்லை என்றால் புதுக் கேபிள் வாங்க ஓடுவதற்கு முன், டிவி மெனுவில் ஹெச்டிஎம்ஐ கட்டுப்பாடு இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங் அதை எனிநெட் பிளஸ் என்றும், எல்ஜி சிம்ப்லிங்க் என்றும், சோனி பிராவியா சிங்க் என்றும் அழைக்கின்றன.

ஸ்பீக்கர் ஒயர் அனலாக் சிக்னலைக் கொண்டுபோகிறது, ஆகவே இங்கே உலோகமும் தடிமனும் உண்மையிலேயே முக்கியம். சந்தையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது. அலுமினியத்தின் மின்கடத்தும் திறன் செம்பில் ஏறத்தாழ 60 சதவீதம்தான். வளைத்து முறுக்கும் இடங்களில் இழைகள் எளிதில் ஒடியும். ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்: உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம், கடைசிவரை சிவந்திருந்தால் செம்பு. வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருப்பது வெள்ளீயம் பூசிய செம்பு, அதைத் தயங்காமல் வாங்கலாம். 8 ஓம் ஸ்பீக்கருக்குப் பத்து மீட்டர் தூரம்வரை 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போதும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதே தூரம் என்றால் 2.5 சதுர மி.மீ.க்குப் போவது நல்லது. எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் நல்ல செம்பு ஃப்ளெக்ஸிபிள் ஒயரே இதற்கு ஏற்றது. ‘40/76’ என்று கடையில் சொல்வது 0.0076 அங்குல விட்டமுள்ள 40 இழைகளைக் குறிக்கிறது, அது 1 சதுர மி.மீ.க்குச் சற்று மேல் வரும். ஸ்பீக்கர் ஒயர் என்று தனிப் பெயரில் நான்கு மடங்கு விலைக்கு விற்பது இதைவிட நன்றாகப் பாடப்போவதில்லை.

ஆம்ப்ளிஃபயரில் ‘ம்ம்ம்’ என்ற முனகல் வந்தால், பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்லும் ஆலோசனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. முனகல் சில நேரம் நின்றுபோகும் என்பது உண்மை, ஆனால் உள்ளே ஒயர் ஒன்று கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்தப் பெட்டியைத் தொடுகிறவரின் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் உள்ள வீட்டில் இதைச் செய்வதைவிட முனகலைச் சகித்துக்கொள்ளலாம். எல்லாக் கருவிகளையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து இயக்கிப் பார்க்க வேண்டும்; டிஷ் கேபிளைக் கழற்றினால் முனகல் நிற்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். அப்படியும் தீராவிட்டால், ஆர்சிஏ கேபிளின் இடையே மாட்டி முனகலைத் தடுக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

மின்சாரம் கொடுக்கும் பொருளில் நடக்கும் பெரிய தவறு, சிவப்பு விளக்கு எரிகிறது என்பதற்காக எக்ஸ்டென்ஷன் பாக்ஸை ஸ்பைக் பஸ்டர் என்று நம்புவது. அந்த விளக்கு மின்சாரம் வருவதை மட்டும் காட்டுகிறது. உண்மையான ஸ்பைக் பஸ்டருக்குள் வேரிஸ்டர் என்ற பொருள் இருக்கும், திடீரென உயரும் மின்னழுத்தத்தை அது வேறு பாதையில் திருப்பிவிடும். அட்டையில் எத்தனை ஜூல் தாங்கும் என்று எழுதியிருக்கிறதா, சாக்கெட்டில் ஐஎஸ் 1293 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒவ்வொரு அதிர்வையும் தாங்கத் தாங்க வேரிஸ்டர் தேய்ந்துபோகும் என்பதால், அது வேலை செய்கிறதா என்று காட்டத் தனி விளக்கு உள்ளதை எடுப்பது மேல். வீட்டில் எர்த் சரியாக இல்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்த ஸ்பைக் பஸ்டரும் பாதி வேலைதான் செய்யும்.

ஸ்பைக் பஸ்டரால் தடுக்க முடியாத ஆபத்து ஒன்று உண்டு. கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) அறுந்துவிட்டால், வெவ்வேறு பேஸில் உள்ள வீடுகளுக்கு இடையே 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் ஏற்றத்தாழ்வாகப் பங்கிடப்படும்; குறைவாக மின்சாரம் செலவழிக்கும் வீட்டில் அது 300 வோல்ட்டையும் தாண்டலாம். நொடியில் வந்துபோகும் அதிர்வைத் தாங்குவதற்காகச் செய்த வேரிஸ்டர், நிமிடக்கணக்கில் நீடிக்கும் இந்த உயர்வில் சூடாகி எரிந்துபோகும். இதற்கு, குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் இணைப்பைத் துண்டிக்கும் ஹை வோல்டேஜ் கட்-ஆஃப் உள்ள ஸ்டெபிலைசரோ தனிக் கருவியோ வேண்டும். புதிய டிவிக்கு ஸ்டெபிலைசரே தேவையில்லை என்று சொல்கிறவர்கள், ஸ்டிக்கரில் உள்ள ‘100–240 வோல்ட்’ என்பதைக் காட்டுகிறார்கள். மின்னழுத்தம் குறைவதைப் பொறுத்தவரை அது சரி. உயர்வுக்கு அந்த ஸ்டிக்கர் எந்தப் பாதுகாப்பும் சொல்லவில்லை. நியூட்ரல் சிக்கல் அடிக்கடி வரும் தெருவில் இருப்பவர்கள் இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இடிக்கும்போது மின் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்றிவிட வேண்டும், மின்னலின் அதிர்வு அந்த வழியாகவும் வரும்.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக் அடிக்கடி அணைந்து மீண்டும் தொடங்கினால், அதற்கு டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் எடுப்பது காரணமாக இருக்கலாம். சாதாரண யூஎஸ்பி 2.0 துளை அரை ஆம்பியர்தான் தரும். பல ஸ்டிக்குகள் ஒரு ஆம்பியர் கேட்கும். தனி அடாப்டர் வாங்கும்போது, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவைக் காட்டும் ‘ஆர்’ எழுத்தும் அதைத் தொடரும் எட்டு இலக்க எண்ணும் அதில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். ரிமோட்டுக்குத் தனி யோசனை தேவையில்லை, மாடல் எண் பொருந்தினால் போதும். ஆனால் குரலால் இயக்கும் ரிமோட் புளூடூத் வகை, அகச்சிவப்பு மட்டும் உள்ள மலிவு ரிமோட்டில் அந்த வசதி கிடைக்காது.

வால் மவுண்டில் ‘32 முதல் 55 இன்ச் வரை’ என்ற வரியை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. துளைகளின் இடைவெளியும் டிவியின் எடையும்தான் கணக்கு. வீசா அளவு என்று சொல்லப்படும் அந்த இடைவெளி 100×100, 200×200 என மி.மீ.இல் குறிக்கப்படும். ஸ்க்ரூ நீளமாக இருந்தால் டிவியின் உள்ளே இருக்கும் போர்டையோ பேனலையோ குத்தும். கையால் இறுக்கும்போதே இடிப்பது தெரிந்தால் உடனே நிறுத்தி, வாஷர் போட்டுக்கொள்ள வேண்டும். மவுண்டோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் பிளக்குகள் பெரும்பாலும் குட்டையானவை. பூச்சின் தடிமனைத் தாண்டிச் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கும் பிளக் வேண்டும். பூச்சை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் பிளக் மெல்ல மெல்ல நழுவி வெளியே வரும். இப்போதைய அடுக்குமாடிகளில் எடை குறைந்த ஏஏசி கல்லால் கட்டிய சுவர்கள் அதிகம். துளை போடும்போது சிவப்புத் தூளுக்குப் பதிலாகச் சாம்பல் கலந்த வெள்ளைத் தூள் பொலபொலவென்று உதிர்ந்தால் அது அந்தக் கல்லாக இருக்கலாம். அதற்கென்று செய்த நீளமான பிளக்கை ஹார்டுவேர் கடையில் கேட்டு வாங்கிய பிறகே டிவியைத் தூக்கி மாட்டச் சொல்லுங்கள்.