சொந்த லோரியோடு சப்-கோன் லோரிக்கும் லோடு பிடித்துக் கொடுப்பது எப்படி?

மலேசியாவில், பினாங்கின் பிறையில் எங்கள் குடும்பத்துக்கு லோரித் தொழில். அப்பா ஆரம்பித்தது, இப்போது ஆபீஸ், கணக்கு, லோடு எல்லாம் என் பொறுப்பு. சொந்தமாக நாலைந்து லோரி வைத்திருக்கும் தம்பிமார் என்னிடம் அடிக்கடி கேட்பது: "அக்கா, லோடு வருது, லோரி பத்தல. சப்-கோன் போட்டு ஏஜென்ட் வேலையும் பார்க்கலாமா?" சப்-கோன் என்றால் நம் லோடைத் துணை ஒப்பந்தத்தில் எடுத்து ஓட்டும் வெளி லோரிக்காரர். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் இது தனித் தொழில். லோரி ஓட்ட வண்டிதான் முதல். இதற்கு ரொக்கமும், லோரிக்காரர்கள் உங்கள்மேல் வைக்கும் நம்பிக்கையும்தான் முதல்.

புது வாடிக்கையாளரைத் தேடி அலைய வேண்டாம். கடந்த சில மாதங்களில் லோரி இல்லாமல் நீங்கள் வேண்டாமென்று சொன்ன லோடுகளை எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே வழித்தடத்தில் வந்து நிற்கும். பாயான் லெப்பாஸிலிருந்து போர்ட் கிளாங், அல்லது கிள்ளானிலிருந்து பட்டர்வொர்த்துக்குத் திரும்பும் லோடு. அந்த ஒரு தடத்தை மட்டும் எடுங்கள். நீங்களே ஓடிய ரோடு. டோல், டீசல், துறைமுக வாசலில் காத்திருக்கும் நேரம் எல்லாம் தெரியும். சப்-கோன் சொல்லும் விலை நியாயமா என்று உடனே புரியும். தெரியாத தடத்தில் விலை பேசினால் யாராவது ஒருவர் தலையில் நஷ்டம் விழும்.

அடுத்து, நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள். வாடிக்கையாளருக்கும் லோரிக்காரருக்கும் நடுவில் கமிஷன் வாங்கும் ஏஜென்டா? அல்லது உங்கள் பெயரில் லோடு எடுத்து சப்-கோனிடம் கொடுக்கிறீர்களா? இரண்டாவதில் சரக்கு உடைந்தால் வாடிக்கையாளர் உங்களைத்தான் கேட்பார். முதலாவதில் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் ஏஜென்சி விதிகள் வரும். யாருக்காக வேலை செய்கிறீர்களோ அவருக்குத் தெரியாமல் இன்னொரு பக்கத்திலும் காசு பார்க்கக் கூடாது. எது என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். இரண்டையும் கலந்து வைத்தவர்கள்தான் பிரச்சினை வந்ததும் விழிக்கிறார்கள். கஸ்டம்ஸ் வேலையைத் தொடவே வேண்டாம். அதற்கு 1967-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 90-ஆவது பிரிவின்படி ஏஜென்ட் லைசென்ஸ் தேவை. லைசென்ஸ் உள்ள ஃபார்வர்டிங்காரரிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது ரொக்கம். இதைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். உதாரணத்துக்கு, வாடிக்கையாளர் ஒரு டிரிப்புக்கு 1,400 வெள்ளி தருகிறார், சப்-கோனுக்கு 1,200 கொடுக்கிறீர்கள். வாரம் 10 டிரிப் என்றால் கையில் நிற்பது 2,000. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொழிற்சாலை 60 நாள் கழித்துத்தான் பணம் போடும். சப்-கோனுக்கு வாராவாரம் 12,000 கொடுத்தாக வேண்டும். முதல் வசூல் வருவதற்குள் ஏறக்குறைய ஒரு லட்சம் வெள்ளி வெளியே போயிருக்கும். எனக்கே ஒரு வாடிக்கையாளர் இரண்டு மாதத் தவணையை நான்கு மாதம் இழுத்தடித்தார். அப்போதும் சப்-கோன்களுக்குச் சொன்ன தேதியில் பணம் போனது. அதற்கென்று தனியாக ஒதுக்கிய கணக்கு இருந்தது. அமெரிக்காவில் சரக்கு புரோக்கர் 75,000 டாலருக்குப் பிணை காட்டினால்தான் தொழிலே செய்ய முடியும். லோரிக்காரர் பணம் முங்கிவிடக் கூடாது என்பதற்காக. இங்கே யாரும் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காமல் அந்தப் பிணையை நீங்களே வங்கியில் போட்டு வையுங்கள். எவ்வளவு ஒதுக்க முடிகிறதோ, அவ்வளவுக்கு மட்டும் லோடு எடுங்கள். "வாடிக்கையாளர் கொடுத்ததும் தருகிறேன்" என்ற பேச்சு லோரிக்காரரிடம் கூடாது. அவருக்கு மாதாமாதம் வங்கித் தவணை இருக்கிறது, டிரைவர் சம்பளம் இருக்கிறது.

சப்-கோனைச் சேர்க்கும்போது தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள். எஸ்.எஸ்.எம். (கம்பெனிப் பதிவு ஆணையம்) பதிவு, வண்டி கிராண்ட் (உரிமைச் சான்று), ஏபாட் (தரைப் போக்குவரத்து நிறுவனம்) லைசென்ஸ், ஆறு மாதத்துக்கொரு முறை எடுக்கும் புஸ்பகோம் சோதனை (வண்டியின் தகுதிச் சோதனை), ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ், டிரைவரின் ஜி.டி.எல். (சரக்கு வண்டி ஓட்டும் லைசென்ஸ்) எல்லாவற்றின் நகலும் வேண்டும். ஏபாட் லைசென்ஸில் 'ஏ' வகைதான் கூலிக்குச் சரக்கு ஏற்ற. 'சி' வகை சொந்தச் சரக்குக்கு மட்டும். 'சி' லோரிக்கு லோடு கொடுத்தால் நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள். வங்கிக் கணக்கின் பெயர் கம்பெனிப் பெயரோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

பேப்பர் சரியாக இருந்தும் வேறு யாரோ லோரி ஓட்டும் நிலைமை இங்கே உண்டு. 2025 மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி மோதி எஃப்.ஆர்.யூ. (கலகத் தடுப்புப் படை) போலீஸ்காரர்கள் ஒன்பது பேர் இறந்தார்கள். லோரியில் அளவுக்கு மீறி பாரம் இருந்ததும், பெர்மிட் வேறு ஆளுக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்ததும் விசாரணையில் வெளிவந்தது. அந்த ஒன்பது குடும்பங்களை நினைத்தால் இன்னமும் மனம் கனக்கிறது. அதனால் என் சப்-கோன் லோடை இன்னொருவருக்குக் கைமாற்றுவதை நான் அனுமதிப்பதில்லை. லோடு ஏற்றும் இடத்தில் நம்பர் பிளேட், டிரைவர் லைசென்ஸ் இரண்டின் படமும் வாட்ஸ்அப்பில் வர வேண்டும். நான் கொடுத்த நம்பர் இல்லையென்றால் ஏற்றக் கூடாது. எடைச் சீட்டும் அப்படித்தான். கூடுதல் பாரம் ஏற்றச் சொல்லும் வாடிக்கையாளர் எவ்வளவு பெரியவரானாலும் வேண்டாம்.

இன்சூரன்ஸில் ஒரு பொறி இருக்கிறது. சரக்குக்காக நீங்கள் எடுத்திருக்கும் பாலிசியில் பெரும்பாலும் உங்கள் லோரி எண்கள் மட்டும் இருக்கும். சப்-கோன் லோரியில் போகும் சரக்குக்கு அது செல்லாமல் போகலாம். இன்சூரன்ஸ் ஏஜென்டிடம் வாயால் கேட்டு விட்டுவிடாதீர்கள். சப்-கோனையும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். ஒரு லோரியில் ஏறும் சரக்கின் மதிப்பு பாலிசி வரம்புக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாயான் லெப்பாஸ் மின்னணுச் சரக்கு ஒரே லோரியில் உங்கள் லோரிகள் எல்லாவற்றின் விலையையும் தாண்டிவிடும்.

அப்புறம், நல்ல லோடை நம் லோரிக்கு வைத்துக்கொண்டு, காத்துக் கிடக்கும் லோடையெல்லாம் சப்-கோன் தலையில் கட்டும் பழக்கம். லோரிக்காரர்கள் ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் ஆபீஸில் நிரந்தரத் தடங்கள் சொந்த லோரிக்கு, மற்றவை சப்-கோனுக்கு என்று முதலிலேயே பிரித்துவிட்டோம். ஒப்புக்கொடுத்த லோடைக் கடைசி நேரத்தில் திரும்பப் பிடுங்குவதில்லை. காத்திருப்புக் கூலியை வாடிக்கையாளரிடம் வாங்கினால் அது லோரிக்காரருக்குப் போக வேண்டும். நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு சமயத்தில் கனரக லோரிகளுக்கு ரோட்டில் தடை வரும். அந்தத் தேதிகளை முன்கூட்டியே இரு பக்கமும் சொல்லிவிடுங்கள்.

வரியை மறந்துவிடாதீர்கள். உங்கள் பெயரில் லோடு எடுத்தால் லாபம் 200 வெள்ளியாக இருந்தாலும் விற்பனையில் ஏறுவது 1,400. வருமானம் காகிதத்தில் சட்டென்று பெரிதாகும். லாஜிஸ்டிக்ஸ் சேவைக்கு 2024 மார்ச் 1 முதல் 6 விழுக்காடு சேவை வரி இருக்கிறது; பதிவுக்கான வரம்பு ஆண்டுக்கு 500,000 வெள்ளி. இ-இன்வாய்ஸ் 1 மில்லியன் முதல் 5 மில்லியன் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 2026 ஜனவரி 1-இல் தொடங்கியது. உங்கள் சேவை எந்த வகையில் வரும் என்பதைத் தொழில் தொடங்கும் முன்பே டாக்ஸ் ஏஜென்டிடம் உட்கார்ந்து பேசுங்கள். லோரிக் கணக்கையும் ஏஜென்ட் கணக்கையும் முதல் நாளிலிருந்தே தனித்தனியாக வையுங்கள். தொழில் நிலைத்ததும் ஏஜென்ட் வேலையைத் தனி செண்டிரியான் பெர்ஹாட்டாக (தனியார் வரையறுக்கப்பட்ட கம்பெனியாக) பிரிப்பது நல்லது என்பது என் கருத்து. சரக்கு வழக்கு ஒன்று வந்தால் லோரிகள் அதில் சிக்காது.