கடற்கரை தெரிகிற ஜன்னல் சீட்டைப் பிடிப்பது எப்படி?

விமானத்தில் ஜன்னல் சீட் கிடைத்தால் போதும், கடற்கரை தானாகத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு தடவை மேப்பைப் பார்த்து, கடல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகவே சீட் போட்டேன். வழி முழுக்க வெறும் நீலம். கரை எதிர்ப்பக்க ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தது, அங்கே இருந்தவரோ மூடியை இறக்கிவிட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அதனால் முதல் வேலை, விமானம் போகும் தடத்தைப் பார்ப்பது. ஃபிளைட்ரேடார்24 மாதிரி தளத்தில் விமான எண்ணைப் போட்டால் முந்தைய நாள்களில் அது பறந்த கோடு வரும். பெரிதாக்கிப் பாருங்கள். கோடு நிலத்தின் மேல் போனால் கடல் இருக்கும் பக்கம் உட்காருங்கள், கடலின் மேல் போனால் நிலம் இருக்கும் பக்கம். கோடு சரியாகக் கரைமேலேயே போகிறதென்றால் சந்தோஷப்பட வேண்டாம், ஜன்னலிலிருந்து நேர் கீழே எதுவும் தெரியாது. ஒரு நாள் கோட்டை மட்டும் நம்பாமல் மூன்று நான்கு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இடமா வலமா. விமானம் போகும் திசையைப் பார்த்து நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெருவின் லிமாவிலிருந்து சிலியின் சாந்தியாகோவுக்குத் தெற்கே போனால் பசிபிக் வலப்பக்கம், ஆண்டீஸ் மலை இடப்பக்கம். திரும்பி வரும்போது அப்படியே மாறிவிடும். 'ஏ' சீட் எப்போதும் இடது ஜன்னல். ஏர்பஸ் ஏ320, போயிங் 737 போன்றவற்றில் வலது ஜன்னல் 'எஃப்', பெரிய விமானங்களில் பெரும்பாலும் 'கே'.

சரி, பக்கம் முடிவாயிற்று. எந்த வரிசை? இறக்கைக்கு முன்னால் கிடைத்தால் அதுதான் நல்லது. பின்னால் என்றால் நன்றாகப் பின்னால் போய்விடுங்கள், ஆனால் அங்கே இஞ்சினிலிருந்து வரும் சூடான காற்றில் காட்சி கானல்நீர் போல நெளியும். இன்னொரு கண்ணி: போயிங் 737-இல் இறக்கைக்குச் சற்று முன்னால் ஏசி குழாய் சுவருக்குள் போவதால் ஒரு வரிசையில் ஜன்னலே இருக்காது, வெறும் பிளாஸ்டிக் சுவர்தான், அதையும் 'ஜன்னல் சீட்' என்றே விற்பார்கள். ஏரோலோபா தளத்தில் ஜன்னல்கள் இருக்கும் இடத்தோடு சீட் வரைபடம் கிடைக்கும். ஏடிஆர் 72 என்ற சிறிய விமானத்தில் இந்தத் தலைவலி குறைவு, இறக்கை தலைக்கு மேலே இருக்கும்.

என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியதெல்லாம் ஏறும்போதும் இறங்கும்போதும்தான். 11 கிலோமீட்டர் உயரத்தில் கரை வெறும் வளைகோடு, கப்பல் ஒரு வெள்ளைப் புள்ளி. கீழே இறங்க இறங்க அலை நுரை வெள்ளைக் கோடாகப் பிரியும், படகுக்குப் பின்னால் 'வி' வடிவத்தில் தண்ணீர் விரியும், ஆற்று முகத்துவாரத்தில் செம்மண் நிறத் தண்ணீர் நீலத்தோடு கலக்காமல் தனியாக நிற்பதுகூடத் தெரியும். சிக்கல் என்னவென்றால், விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் இறங்கும், அதனால் காற்று மாறினால் பக்கமும் மாறும். பிரான்சின் நீஸ் விமான நிலையம் கடலை ஒட்டியே இருக்கிறது, ரன்வேக்கு ஒரு முனையில் 04, மறுமுனையில் 22 என்று எண். 04-இல் வடகிழக்கு நோக்கி இறங்கினால் நிலம் இடப்பக்கம், 22-இல் தென்மேற்கு நோக்கி இறங்கினால் வலப்பக்கம். உங்கள் ஊர் ரன்வேயில் எது அதிகம் பயன்படுகிறது என்பதும் அதே பழைய தடங்களில் தெரிந்துவிடும்.

வெயிலையும் பாருங்கள். காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு ஜன்னல் கண் கூசும், கீறல் விழுந்த ஜன்னலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். போலரைஸ்டு கூலிங் கிளாஸைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜன்னலில் வானவில் கறைகள் தெரியும். போட்டோவுக்கு ஃபிளாஷை அணைத்து, போனை ஜன்னலுக்கு மிக அருகில் பிடியுங்கள், ஒட்டி அழுத்தினால் அதிர்வில் படம் கலங்கும்.

மேகத்துக்கு மட்டும் மருந்து இல்லை. பகல் ஏற ஏற நிலத்தின் மேல் மேகம் திரளும் என்பதால், முடிந்தால் நான் காலை விமானத்தையே எடுப்பேன்.