சுக்கான் மேல் பழி போடாதீர்கள்

போன ஞாயிறு தொண்டிக் கரையில் தேவகோட்டைப் பையன்கள் இருவர் சின்னப் பாய்ப்படகோடு கரையேறினார்கள். "அண்ணே, காத்து வர்ற பக்கமே திரும்புது, கையெல்லாம் விட்டுப்போச்சு. பெரிய சுக்கான் மாட்டிரலாமா?" நானும் ஒரு காலத்தில் கேட்ட கேள்வி. படகு காற்றை நோக்கியே மூக்கைத் திருப்பும் இந்த வெதர் ஹெல்மில் செய்யக்கூடாதவை இவை.

பெரிய சுக்கான் மாட்டுவது

காரைக்குடி பழைய சாமான் கடையில், இடித்த வீட்டு பர்மா தேக்குப் பலகை ஒன்றை வாங்கி, ஆசாரியிடம் அகலமான சுக்கான் செய்தேன். மெருகேறிய அழகான பலகை. மூன்றாம் நாள் அதன் கீல், படகின் பின்முனையான கடையாலைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. பலகைக் காசு, ஃபைபர் ஒட்டிய கூலி, இரண்டு மாதம் எல்லாம் போயிற்று. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. சுக்கானை ஓயாமல் திருப்பிப் பிடித்தால் அது தண்ணீரில் பிரேக்தான்.

கோளாறு பாய்மரத்தில். அது பின்னால் சாய்ந்திருந்ததால் பாயின் விசையும் பின்னால் போய், கடையாலைக் காற்றுக்கு அந்தப்புறம் தள்ளியது. படகைக் கரையில் ரசமட்டம் வைத்து நேராக நிறுத்தி, பாய் ஏற்றும் கயிற்றில் கொத்தனாரின் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டேன். ஐந்து மீட்டர் மரத்துக்கு, குண்டு அடிமரத்திலிருந்து 40 செ.மீ. பின்னால் நின்றது. முன்கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பக்கக் கயிறுகளை அதற்கேற்பத் தளர்த்தி, 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தேன். அன்று சாயங்காலமே பழைய சுக்கான் இரண்டு விரலில் நின்றது.

சாயவிட்டு ஓட்டுவது

சாய்ந்த படகில் பாயின் இழுப்பு உடலுக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே போய்விடும். அதுவே படகைக் காற்றுப் பக்கம் சுழற்றும். வத்தை என்னும் பாய்ப்படகு ஓட்டுபவர்கள் குறுக்குப் பலகையில் ஏறி உட்காருவதைப் பாருங்கள். காற்று ஓங்கினால் முதலில் உடம்பை வெளியே சாயுங்கள், பிறகு மெயின் பாயை (பெரிய பாயை) இழுத்துப் பிடிக்கும் கயிறான மெயின்ஷீட்டைத் தளரவிடுங்கள். அதுவும் போதாவிட்டால் பாயைக் குறையுங்கள்.

தொப்பை விழுந்த மெயின் பாய்

பலத்த காற்றில் பாயின் அடிவிளிம்பை இழுத்துத் தட்டையாக்குங்கள். துணி இழுபட்டுப்போன பழைய பாய் தட்டையாகாது; மாற்றுங்கள்.

ஜிப்பை (முன்பாயை) இறக்கிவிட்டு மெயினை மட்டும் வைப்பது

வேண்டாம். முன்பாய் இல்லாவிட்டால் விசை இன்னும் பின்னால் போகும்.

சுத்தமாக ஒழிக்க நினைப்பது

மூன்று முதல் ஐந்து டிகிரி வரை சுக்கான் திரும்பி நிற்பது நல்லது. பிடியை நழுவவிட்டால் படகு தானே காற்றுக்கு எதிரே திரும்பி வேகம் குறையும்.

பையன்களின் படகிலும் குண்டு கட்டிப் பார்த்தோம். 35 செ.மீ.