ஊஞ்சல் போல்ட்டுக்கு எந்த வாஷர்?

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளில் தேக்குப் பலகை ஊஞ்சல்தான் அழகே. சங்கிலி மாட்டும் போல்ட்டைக் கழற்றி மாட்டும்போது பலர் வாஷரை விட்டுவிடுகிறார்கள். பலகைக்கு அடியில் குனிந்து பாருங்கள்: நட் மரத்துக்குள் புதைந்து, சுற்றிலும் மரம் நசுங்கியிருக்கும். அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் உள்ளேதான் போகும், பிடிப்பு வராது. நல்ல தேக்கு இப்படி வீணாவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

10 மி.மீ. போல்ட்டுக்கு வரும் சாதாரண வாஷர் 20 மி.மீ. அகலம். மரத்துக்கு அது போதாது. 30 மி.மீ. அகலமுள்ள பெரிய வாஷராகக் கேட்டு வாங்குங்கள். பாரம் பரவி இறங்கும். வாஷரின் ஓரத்தை விரலால் தடவினால் பெரும்பாலும் ஒரு பக்கம் மழமழவென்றும் மறுபக்கம் கூர்மையாகவும் இருக்கும். மழமழப்பான பக்கம் மரத்தைப் பார்க்கட்டும்.

ஸ்பிரிங் வாஷரை, அதாவது ஓரிடத்தில் வெட்டி லேசாக முறுக்கிய வளையத்தை, நேராக மரத்தின் மேல் வைக்காதீர்கள், அதன் முனை மரத்தைக் கிழித்துவிடும். ஊஞ்சல் ஓயாமல் ஆடுவதால் நட் தளரும்; ஸ்பிரிங் வாஷருக்குப் பதில் உள்ளே நைலான் வளையம் உள்ள நட் போடுவதே நல்லது. வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தை ஒட்டிய பகுதியில், சாரல் படும் இடம் என்றால் எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள்.